கோவாவுல முடிச்சாச்சு, உலகச் சாம்பியன்ஷிப் போக முடியுமா? அயர்ன்மேன் ஸ்லாட் கணக்கு

இந்த எபிசோட் ஒரே ஒரு கேள்விக்கான பதில். 2025 நவம்பர் 9ல கோவாவுல அயர்ன்மேன் 70.3 நடந்துச்சு. அரசியல்வாதிகள் அண்ணாமலையும் தேஜஸ்வி சூர்யாவும் அதை முடிச்சாங்க, பிரதமர் வாழ்த்துப் பதிவு போட்டாரு, அது எல்லார் ஃபீட்லயும் வந்துச்சு. அந்த வாரமே எனக்கு வந்த மெசேஜ்ல பாதி ஒரே மாதிரி: "புரோ, இதை முடிச்சா வேர்ல்ட் சாம்பியன்ஷிப் போகலாமா?"

போக முடியாது. முடிக்கிறது வேற, தகுதி பெறுறது வேற. ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற கணக்கைத்தான் இன்னைக்குப் பேசப் போறோம். நான் தஞ்சாவூர்க்காரன், சென்னையில கோட் எழுதிப் பொழைக்கிறவன். அதனால கணக்கைக் கொஞ்சம் சாஃப்ட்வேர் மாதிரியும் கொஞ்சம் வயக்காடு மாதிரியும்தான் சொல்லத் தெரியும்.

தூரம் எவ்வளவுன்னு முதல்ல புரிஞ்சுக்குவோம்

முழு அயர்ன்மேன்னா 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், 42.2 கிலோமீட்டர் ஓட்டம். இடையில நிறுத்தாம ஒரே நாள்ல முடிக்கணும். பெரும்பாலான ரேஸ்ல 17 மணி நேரம்தான் கெடு.

70.3ங்கிறது அதுல சரி பாதி. 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 சைக்கிள், 21.1 ஓட்டம். மைல் கணக்குல கூட்டினா 70.3 வரும், அதான் பேரு. பொதுவா 8 மணி நேரம் 30 நிமிஷத்துக்குள்ள முடிக்கணும். நீச்சலுக்கு மட்டும் 1 மணி 10 நிமிஷம். அதைத் தாண்டினா சைக்கிளைத் தொடவே விட மாட்டாங்க.

டெல்டா அளவுல சொல்றேன். 1.9 கிலோமீட்டர்னா 25 மீட்டர் நீச்சல் குளத்துல 76 தடவை இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும். 90 கிலோமீட்டர்னா தஞ்சாவூர்லருந்து வேளாங்கண்ணி, சுமாரா. ஆவணி மாசத்துல காவி கட்டிக்கிட்டு மக்கள் நாள் கணக்கா நடந்து போவாங்களே, அந்த ரோடு. அதை மூணு, மூணரை மணி நேரத்துல சைக்கிள்ல போகணும். இறங்கின உடனே தஞ்சாவூர்லருந்து திருவையாறு போய்ட்டுத் திரும்பி வர்ற அளவுக்கு ஓடணும், வழியில வர்ற அஞ்சு ஆத்துப் பாலத்தையும் சேர்த்து.

இது அமெச்சூர்களுக்காகவே பொறந்த ரேஸ்

1978 பிப்ரவரி 18. ஹவாய்ல ஒவாஹு தீவு. அங்க ஏற்கெனவே மூணு தனித்தனி போட்டி இருந்துச்சு: ஒரு கடல் நீச்சல், தீவைச் சுத்தி ஒரு சைக்கிள் ரேஸ், ஹொனலுலு மாரத்தான். நீச்சல்காரன் பெரியவனா, சைக்கிள்காரனா, ஓட்டக்காரனான்னு ஒரு வாக்குவாதம். ஜான் காலின்ஸ்ங்கிற கடற்படை அதிகாரி, "மூணையும் ஒரே நாள்ல பண்ணிப் பார்த்துருவோம்"னு சொல்லிட்டாரு. 15 பேர் கிளம்பினாங்க, 12 பேர் முடிச்சாங்க. கார்டன் ஹாலர் 11 மணி 46 நிமிஷம் 58 வினாடியில ஜெயிச்சாரு. ரெண்டாவதா வந்தவருக்கு வழியில தண்ணி தீர்ந்து போயி, கூட வந்தவங்க பீர் குடுத்தாங்கங்கிறது இந்த விளையாட்டுல எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. அன்னைக்கு ஓடினதுல ஒருத்தருக்குக்கூட இது தொழில் இல்ல.

1981ல ரேஸ் பெரிய தீவுல இருக்கிற கோனாவுக்கு மாறுச்சு. 1982ல ஜூலி மாஸ்ங்கிற கல்லூரி மாணவி முன்னணியில வந்துட்டு, கோட்டுக்குக் கொஞ்ச தூரத்துல உடம்பு ஒத்துழைக்காம விழுந்து, தவழ்ந்து போய் ரெண்டாவதா முடிச்சாங்க. டிவியில அதைப் பார்த்தவங்க கூட்டம் கூட்டமா வர ஆரம்பிச்சாங்க. இடம் கொஞ்சம், வர்றவங்க ஏராளம். அப்பதான் "வேற ரேஸ்ல தகுதி வாங்கிட்டு வா"ங்கிற முறை வந்துச்சு. இன்னைக்கு நாம பேசுற ஸ்லாட் கணக்குக்கு அதுதான் வேர்.

நம்ம பக்கம் இது வர ரொம்ப நாள் ஆச்சு. 2018 பிப்ரவரியில கொழும்புல முதல் 70.3 நடந்துச்சு. திருச்சியிலருந்து ஃப்ளைட்ல ஒரு மணி நேரம், அதனால டெல்டாக்காரனுக்கு அதுதான் முதல் பக்கத்து ரேஸ். 2019 அக்டோபர் 20ல கோவா மிராமார் கடற்கரையில இந்தியாவோட முதல் 70.3. ராணுவத்தைச் சேர்ந்த பிஸ்வர்ஜித் சைகோம் 4 மணி 42 நிமிஷத்துல முதல்ல வந்தாரு. கெடு 8:30, முதல் ஆள் 4:42. நடுவுல இருக்கிற கிட்டத்தட்ட நாலு மணி நேரத்துலதான் நம்மள மாதிரி ஆளுங்க எல்லாரும் இருக்கோம்.

ஏஜ் குரூப்னா என்ன

தொழில்முறை வீரர்களுக்குத் தனி லைசென்ஸ், தனி பரிசுப் பணம். மத்த எல்லாரும் ஏஜ் குரூப் வீரர்கள். 18லருந்து 24 ஒரு பிரிவு. அப்புறம் 25-29, 30-34, 35-39ன்னு அஞ்சஞ்சு வருஷமா எழுபது, எண்பது தாண்டியும் போகும். ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி.

இங்க ஒரு சின்ன விஷயம் பல பேருக்குத் தெரியாது. ரேஸ் அன்னைக்கு உங்க வயசு என்னங்கிறது கணக்கு இல்ல. அந்த வருஷம் டிசம்பர் 31ல உங்க வயசு என்னங்கிறதுதான் கணக்கு. 1996 டிசம்பர்ல பொறந்த ஒருத்தர் 2026 ஜனவரியில ஓடினாலும் 30-34 பிரிவுலதான் நிப்பாரு, கேக் வெட்ட இன்னும் 11 மாசம் இருந்தாலும்.

பழைய முறை: வாய்க்காலும் கடைமடையும்

ஒவ்வொரு ரேஸுக்கும் இத்தனை ஸ்லாட்னு ஒரு எண்ணிக்கை குடுத்துருவாங்க. ஸ்லாட்னா உலகச் சாம்பியன்ஷிப்ல ஓட ஒரு இடம். இலவசம் கிடையாது. காசு கட்டி வாங்குற உரிமை.

2025 பாதி வரைக்கும் இதைப் பிரிச்ச விதத்தை நம்ம ஊர்ல யாருக்கும் ரெண்டு நிமிஷத்துல புரிய வைக்கலாம். ஆத்துல தண்ணி அளவாத்தான் வருது. பத்துப் பதினஞ்சு வாய்க்கால் பிரியுது. முதல் விதி, ஓடுறதுக்கு ஆள் இருக்கிற ஒவ்வொரு வாய்க்காலுக்கும் ஒரு பங்கு கட்டாயம். ரெண்டாவது விதி, மீதித் தண்ணி எந்த வாய்க்கால்ல ஆயக்கட்டு அதிகமோ அதுக்கு விகிதப்படி. ஆயக்கட்டுன்னா இங்க ரேஸ்ல கிளம்பின ஆட்களோட எண்ணிக்கை. 35-39, 40-44 ஆண்கள் பிரிவுல கூட்டம் அதிகம், அதனால ஸ்லாட்டும் அதிகம். 65-69 பெண்கள்ல ஒரே ஒருத்தர் ஓடி முடிச்சாலும் அவங்களுக்கு ஒண்ணு.

அப்புறம் ரோல் டவுன். ரேஸ் முடிஞ்சப்புறம் ஒரு ஹால்ல எல்லாரையும் உக்கார வச்சு மைக்ல பேரு கூப்பிடுவாங்க. முதல் ஆள் "வேணாம்"னாலோ, ஹால்லயே இல்லைன்னாலோ, ரெண்டாவது ஆளுக்குப் போகும். அவரும் இல்லைன்னா மூணாவது. மேல்மடைக்காரன் மடையை அடைச்சா தண்ணி கீழ இறங்கும் பாருங்க, அதே கதை. சில ரேஸ்ல இது இருபதாவது, முப்பதாவது ஆள் வரைக்கும் இறங்கியிருக்கு. அதனால "கடைசி வரைக்கும் ஹால்ல உக்காந்திரு"ங்கிறதுதான் எல்லாரும் குடுக்கிற அறிவுரையா இருந்துச்சு.

இதுல ஒரு குறை. உங்க ஸ்லாட் உங்க ஓட்டத்தை மட்டும் நம்பி இல்ல. முன்னாடி இருக்கிறவருக்கு லீவு கிடைக்குமா, விசா கிடைக்குமா, வீட்டுல விடுவாங்களாங்கிறதை நம்பி இருந்துச்சு. உலகச் சாம்பியன்ஷிப் எங்க நடக்குதுங்கிறதும் இதை மாத்தும். 2023லருந்து 2025 வரைக்கும் முழு தூர சாம்பியன்ஷிப்பைக் கோனாவுக்கும் பிரான்ஸ்ல நீஸுக்கும் ஆண், பெண்னு மாத்தி மாத்திப் பிரிச்சு நடத்தினாங்க. கோனாதான் கனவுன்னு இருக்கிறவங்க நீஸ் ஸ்லாட்டை வேணாம்னு விட, அது கீழ இறங்கிக்கிட்டே போச்சு. 2026லருந்து ரெண்டும் மறுபடி கோனாவுலயே ஒண்ணாச் சேருது.

புது முறை: குறுவையையும் சம்பாவையும் எப்படி ஒப்பிடுறது

2026 சாம்பியன்ஷிப்களுக்காக விதியை மாத்திட்டாங்க. முதல் பகுதி பழசு மாதிரியேதான்: ஒவ்வொரு பிரிவுலயும் ஜெயிச்சவருக்கு ஒரு ஸ்லாட். அவர் வேணாம்னா ரெண்டாவது, மூணாவது ஆள் வரைக்கும் அது இறங்கும். அதுக்கு மேல இறங்காது.

மீதி ஸ்லாட் எல்லாம் ஒரு பொதுக் குவியலுக்குப் போகும். அங்க 27 வயசுக்காரரும் 52 வயசுக்காரரும் ஒரே வரிசையில நிக்கணும். எப்படி ஒப்பிடுறது? குறுவை நெல் 110, 120 நாள்ல அறுவடைக்கு வந்துரும். சம்பாவுக்கு அதை விட ஒரு மாசம் கூட ஆகும். "எது சீக்கிரம் அறுத்துச்சு"ன்னு கேட்டா தினமும் குறுவைதான் ஜெயிக்கும். "அந்த ரகத்துக்கு இது எவ்வளவு நல்ல விளைச்சல்"னு கேட்டாத்தான் நியாயமான கேள்வி.

அந்தக் கேள்வியைத்தான் எண்ணா மாத்தியிருக்காங்க. ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு பெருக்குத்தொகை உண்டு. உலகச் சாம்பியன்ஷிப்ல அந்த வயசுக்காரங்கள்ல முன்னணியில வந்தவங்க முந்தைய வருஷங்கள்ல என்ன நேரம் எடுத்தாங்கங்கிறதை வச்சு அது கணக்கிடப்படுது. உங்க நேரத்தை அதால பெருக்கி, வர்ற எண்ணை வச்சுப் பட்டியல்ல அடுக்குவாங்க. கோட் எழுதுறவங்களுக்குச் சொல்லணும்னா, சார்ட் கீயை மாத்தியிருக்காங்க, அவ்வளவுதான்.

ஒரு உதாரணம். எண்கள் நான் கணக்குக்காக எடுத்துக்கிட்டது, நிஜ அட்டவணை வேற. 27 வயசு ஆள் 5 மணி நேரம், அதாவது 300 நிமிஷம். அவருக்குப் பெருக்குத்தொகை 1ன்னு வச்சுக்குவோம். 300 அப்படியே நிக்கும். 52 வயசு ஆள் 5 மணி 24 நிமிஷம், 324. அவருக்கு 0.9ன்னு வச்சா 291.6. கடிகாரத்துல 24 நிமிஷம் பின்னாடி வந்தவர், பட்டியல்ல முன்னாடி நிப்பாரு.

இதுனால என்ன மாறுச்சு? முன்ன "என் பிரிவுல இன்னைக்கு யாரு வந்திருக்கா"ங்கிற அதிர்ஷ்டம் பெருசு. இப்ப அதோட பங்கு குறைஞ்சு, உங்க நேரத்தோட பங்கு கூடியிருக்கு. பலவீனமான பிரிவுல பத்தாவதா வந்துட்டு ஹால்ல காத்திருந்து ஸ்லாட் வாங்குற வாய்ப்பு ரொம்பவே சுருங்கிருச்சு. அதே சமயம், உங்க பிரிவுல மூணு பேர் அசுரத்தனமா ஓடி நீங்க நாலாவதா வந்தாலும், உங்க நேரம் நல்லா இருந்தா பொதுக் குவியல்ல இடம் உண்டு.

இருபதுகள்ல இருக்கிறவங்களுக்கு இது ஒரு கசப்பான செய்தியும்தான். வயசுச் சலுகை நமக்குக் கிடையாது. நாம ஓடுற நேரம் கிட்டத்தட்ட அப்படியே கணக்குல நிக்கும்.

டெல்டாவுல பயிற்சி எடுத்தா என்ன லாபம், என்ன நஷ்டம்

நம்ம ஊர் குடுக்கிற பெரிய சொத்து புழுக்கம். வெக்கையில தினமும் பயிற்சி பண்ணினா 10லருந்து 14 நாள்ல உடம்பு பழகிக்கும். ரத்தத்துல திரவ அளவு கூடும், வேர்வை சீக்கிரம் ஆரம்பிக்கும், அதே வேகத்துக்கு இதயத்துடிப்பு குறையும். ஓஎம்ஆர்ல ஏசியில உக்காந்துட்டு நேரா கோவா போய் இறங்குறவரை விட, ரெண்டு வாரம் ஒர்க் ஃப்ரம் ஹோம் வாங்கி ஊர்ல பயிற்சி பண்ணினவருக்கு ஓட்டத்துல அது தெரியும். காலையில அஞ்சு மணிக்குக் கிளம்புங்க, மத்தியான வெயில்ல வீரம் காட்ட வேணாம்.

காத்து ரெண்டாவது சொத்து. ஆடியில மேலக்காத்து அடிக்கும். நாகப்பட்டினம் பக்கம் போறப்ப பின்னாடி தள்ளும், திரும்புறப்ப மூஞ்சியில அடிக்கும். நடுவுல ஒதுங்க ஒரு மேடு கிடையாது. ட்ரையத்லான்ல முன்னாடி போறவர் பின்னாடி ஒட்டிக்கிட்டு போகக் கூடாது. ஏஜ் குரூப்ல 12 மீட்டர் இடைவெளி விடணும், மீறினா தண்டனை நேரம். அதனால தனியா எதிர்க்காத்துல மிதிக்கிற பழக்கம் நேரடியா உதவும்.

இனி நஷ்டம். ஏத்தம்னு ஒண்ணு நம்மகிட்ட கிடையாது. ரயில்வே மேம்பாலம்தான் நம்ம மலை. 2026 70.3 உலகச் சாம்பியன்ஷிப் நீஸ்ல. 2019ல அங்க நடந்தப்ப கோல் தெ வான்ஸ்ங்கிற கணவாயை ஏற வேண்டியிருந்துச்சு, உச்சி கிட்டத்தட்ட 960 மீட்டர். தஞ்சாவூரே கடல் மட்டத்துலருந்து 100 மீட்டருக்குள்ளதான். ஸ்லாட் கிடைச்சா கொல்லிமலையோ ஏற்காடோ போய் ஏறிப் பழகாம விமானம் ஏறாதீங்க.

ரோடும் கவனிக்க வேண்டிய விஷயம். தை, மாசியில சம்பா அறுவடை. பாதி ரோட்டுல நெல் காயும், மீதிப் பாதியில கொள்முதல் நிலையத்துக்கு டிராக்டர் வரிசை. மெல்லிசு டயர் நெல் மேல ஏறினா சறுக்கிரும். அது ஒரு குடும்பத்தோட ஆறு மாச உழைப்பு, அதனால இறங்கித் தள்ளிக்கிட்டுப் போறதுதான் மரியாதை.

கடைசியா தண்ணி. வழக்கப்படி மேட்டூர் ஜூன் 12ல திறந்து ஜனவரி 28ல மூடுவாங்க. ஆத்துல, புதாத்துல தண்ணி ஓடுறதைப் பார்த்தா திறந்தவெளி நீச்சல் குளம் மாதிரிதான் தோணும். தயவுசெஞ்சு தனியா இறங்காதீங்க. 1934ல மேட்டூர் அணையோட சேர்ந்து வந்த கல்லணைக் கால்வாய் பாசனத்துக்கு வெட்டினது. மதகுகிட்ட இழுப்பு இருக்கு. பல இடத்துல கான்கிரீட் சரிவு, ஏறி வரப் பிடி கிடைக்காது. ஆத்துல மணல் அள்ளின குழி எங்க இருக்குன்னு மேலருந்து தெரியாது. வருஷா வருஷம் நீச்சல் தெரிஞ்ச பசங்களே போறாங்க. குளத்துல நீச்சலைச் சரி பண்ணிக்கோங்க. கடல் பழக்கத்துக்கு ஆள் துணையோட, மிதவையோட கடலுக்குப் போங்க. கோவாவுல தண்ணி வெதுவெதுப்பு, அதனால மிதக்க உதவுற வெட்சூட் போட விட மாட்டாங்க. உங்க நீச்சல் மட்டும்தான் கை குடுக்கும்.

சாப்பாடு பத்தி ஒரு வரி. இவ்வளவு நீளமான ரேஸ்ல மணிக்கு 60லருந்து 90 கிராம் மாவுச்சத்து உள்ள போகணும். ஒரு நடுத்தர வாழைப்பழத்துல 20, 25 கிராம்தான். சைக்கிள் மேல உக்காந்து சாப்பிடுறதையும் வயித்துக்குப் பழக்கணும்.

காசு குடுத்தா ஓடுறே?

இப்ப நிஜமான பிரச்சினைக்கு வர்றேன். என் நண்பன் ஒருத்தன், திருத்துறைப்பூண்டி பக்கம் கடைமடை கிராமம். சென்னையில என்னை மாதிரியே ஐடி. கோவாவுல 5 மணி 40 நிமிஷத்துல முடிச்சான். ஸ்லாட் வரல. மறுபடி முயற்சி பண்ணணும்னு நிக்கிறான். அவன் அப்பா, இவன் மெடலைக் கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டுக் கேட்டாராம்: "ஏன்டா தம்பி, காசு வாங்கிட்டு ஓடுறியா, காசு குடுத்துட்டு ஓடுறியா?"

அந்தக் கேள்விக்கு விடை இருக்கணும். வாரம் 10, 12 மணி நேரம் பயிற்சி. சைக்கிள் விலை தனி. ரேஸ் கட்டணம், பயணம், தங்குற செலவு. ஸ்லாட் கிடைச்சா 70.3க்கு இன்னும் சில நூறு டாலர். கோனான்னா நுழைவுக் கட்டணம் மட்டுமே ஆயிரம் டாலர் தாண்டும். அதையும் யோசிச்சு மெதுவாக் கட்ட முடியாது, குடுக்கிற கெடுவுக்குள்ள கட்டணும். 2020லருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி புதுக் கார்டுகள்ல வெளிநாட்டுப் பரிவர்த்தனை ஆஃப்லதான் வரும். ரேஸுக்கு முன்னாடியே ஆப்ல ஆன் பண்ணி வைங்க. ஒரு வருஷ உழைப்பு ஒரு டிக்ளைன் மெசேஜ்ல போயிரக் கூடாது.

ஆனா அவன் வீட்டுல உண்மையான உரசல் காசு பத்தி இல்ல, மாசம் பத்தி. கோவா ரேஸ் அக்டோபர், நவம்பர்ல வரும். அதுக்கான கடுமையான பயிற்சி ஆவணி, புரட்டாசி, ஐப்பசி. டெல்டாவுல அதுதான் சம்பா நடவு, களை, உரம். அப்புறம் அடைமழையில வடிகாலைப் பார்த்துக்க ஆள் வேணும். கடைமடையில தண்ணி வர்றதுலயும் கடைசி, வடியிறதுலயும் கடைசி. 63 வயசு மனுஷன் மழையில மண்வெட்டியோட வரப்புல நிக்கிறப்ப, மகன் ஈசிஆர்ல சைக்கிள் மிதிக்கிறான். "வாரக் கடைசியில ஊருக்கு வாடா"ன்னு அவர் வாய் திறந்து கேட்டதில்ல. கேக்காததுதான் இவனைத் தின்னுது.

நான் அவன்கிட்ட சொன்னது இதுதான். கனவை மாத்த வேணாம், காலண்டரை மாத்து. கோவா மட்டும்தான் ரேஸா? வியட்நாம்ல டா நாங் நகரத்துல வழக்கமா மே மாசம் ஒரு 70.3 நடக்குது. அங்கயும் ஸ்லாட் உண்டு. நம்ம ஊர் மாதிரியே வெக்கை, புழுக்கம். கடுமையான பயிற்சி மாசி, பங்குனி, சித்திரையில விழும். சம்பா அறுவடை முடிஞ்சிருக்கும், மேட்டூர் இன்னும் திறந்திருக்காது, வயல் சும்மா கிடக்கும். ரோட்டுல நெல்லும் இருக்காது, மழையும் இருக்காது. ஐப்பசியில ஊருக்குப் போய் வடிகால் வெட்டலாம், அதுவும் நல்ல உடற்பயிற்சிதான். செலவு கோவாவை விடக் கூட ஆகும், மறுக்கல. ஆனா ஒரு வருஷத்துல அப்பாவுக்கும் ரேஸுக்கும் ஒரே மாசத்துல சண்டை வராது.

இன்னொண்ணும் சொன்னேன். 2026ல அவன் 30-34க்குப் போறான். பெருக்குத்தொகை அவனுக்குப் பெருசா உதவாது. அதனால "ஸ்லாட் வாங்கணும்"னு இலக்கு வைக்காத, ஒரு நேரத்தை இலக்கா வை. போன வருஷ முடிவுப் பட்டியலை எடுத்து, எல்லாருக்கும் பெருக்குத்தொகையைப் போட்டு, கடைசியா ஸ்லாட் போன ஆள் எங்க நிக்கிறார்னு பாரு. அது பொது வெளியில இருக்கிற டேட்டா, ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போதும். உனக்கும் அவருக்கும் இருபது நிமிஷம் இடைவெளின்னா ஒரு சீசன்ல முயற்சி பண்ணலாம். ஒரு மணி நேரம்னா, அது மூணு நாலு வருஷ வேலை. அதைத் தெரிஞ்சுக்கிட்டு இறங்கு, வீட்டுலயும் அதையே சொல்லு.

முன்னாடி போனவங்க

அனு வைத்யநாதன் பத்திக் கேள்விப்பட்டிருக்கீங்களா? பொறியியல் படிச்சவங்க, நியூசிலாந்துல கேன்டர்பரி பல்கலைக்கழகத்துல முனைவர் பட்டம். 2009ல கனடாவுல அல்ட்ராமேன் முடிச்சாங்க: மூணு நாள்ல 10 கிலோமீட்டர் நீச்சல், 420 கிலோமீட்டர் சைக்கிள், 84 கிலோமீட்டர் ஓட்டம். அதைச் செஞ்ச முதல் ஆசியப் பெண் அவங்கதான். 2016ல தன் அனுபவத்தைப் புத்தகமாவும் எழுதினாங்க. அவங்க ஓடின காலத்துல கோவாவும் கிடையாது, கொழும்பும் கிடையாது. தகுதி பெறணும்னா நாடு தாண்டிப் போகணும். நம்ம தலைமுறைக்கு ரேஸ் பக்கத்துல வந்திருச்சு. தகுதிக்கான நேரம் மட்டும் பக்கத்துல வரல.

அப்ப, பண்ணலாமா வேணாமா?

முதல் 70.3ன்னா ஸ்லாட்டை மறந்துருங்க. 8:30க்குள்ள நல்லபடியா முடிக்கிறதே ஒரு வருஷ வேலை, அதுல குறைச்சல் ஒண்ணும் இல்ல. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட இதயத்தைப் பரிசோதிச்சுக்கோங்க, இருபத்தெட்டு வயசுதானேன்னு விட வேணாம்.

ரெண்டாவது, மூணாவது ரேஸ்னா அந்த ஸ்ப்ரெட்ஷீட்டைப் போடுங்க. விதிகள் அடிக்கடி மாறுது, அதனால பதிவு பண்றதுக்கு முன்னாடி அந்த ரேஸோட வழிகாட்டியை முழுசாப் படிங்க. எந்த மாசம் ரேஸ்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி வீட்டுல எந்த மாசம் நீங்க தேவைன்னு கேளுங்க. அவங்களாச் சொல்ல மாட்டாங்க, நீங்கதான் கேக்கணும்.

என் நண்பன் இப்ப குளத்துல 76 நீளம் எண்ணிக்கிட்டு இருக்கான். ஊர்ல அறுவடை முடிஞ்சு மூட்டை எல்லாம் கொள்முதல் நிலையத்துக்குப் போயிருச்சு. போன வாரம் அவன் அப்பா போன்ல விசாரிச்சாராம், "அந்த வியட்நாம்ல என்ன நெல்லு போடுறாங்கன்னு பார்த்துட்டு வா."

உங்க ஸ்ப்ரெட்ஷீட்ல என்ன வந்துச்சுன்னு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.